அப்பாவுக்கு நிறம் சேர்த்தது

அரசாங்கத்தைக் கவிழ்த்த அந்த வருஷம், எங்கள் தீவின் தலைநகரான சுவாவில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படத்துக்குக் கூட்டம் வாசல் தாண்டி நின்றது. ஊரே நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் முகம் திருத்துவது என் வேலை. கல்யாணப் படமோ குடும்பப் படமோ, யாராக இருந்தாலும் ஒரு சுற்று வெளுப்பாக்கிவிடு என்பது முதலாளி உத்தரவு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அண்ணனும் கிளம்பினான். அண்ணியும் பிள்ளைகளும் தீவின் மறுகோடியில், லவுத்தோக்காவில். மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆக்லாந்துக்கு விமானம். பஸ் ஏறுவதற்கு முன்னால் கடைக்கு வந்து, எடுத்துப்போக அப்பா படம் ஒன்று கேட்டான். அப்பா போய்ப் பல வருஷம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கலர் படம், அதுவும் மங்கி, முகமெல்லாம் செக்கச்செவேலென்று. ஸ்கேன் பண்ணி சிவப்பை இறக்கினேன்.

"கொஞ்சம் வெளுப்பா வையேன், அங்க நாலு பேர் பார்ப்பாங்க" என்றான் அண்ணன், இந்தியில். எங்களுக்குள் பேச்சு அதுதான்.

"அப்ப உன் நாலு பேருக்கு வேற அப்பாவைப் பிடிச்சுக்கோ" என்றேன்.

அவனை வழியனுப்ப நவுசோரியிலிருந்து வந்திருந்த அம்மாதான் பஞ்சாயத்தைத் தீர்த்தாள். "இவன் நிறம்தான் உங்கப்பா நிறம், அப்படியே அச்சு. இவன் கையை வச்சுப் பாரு."

திரையில் சரியாக இருப்பது தாளில் சரியாக வராது. திரை விளக்கு மாதிரி தானே எரியும், தாளுக்கு வெளியிலிருந்து வெளிச்சம் வேண்டும். கடை டியூப்லைட்டோ எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டும். ஒவ்வொரு பிரிண்ட்டையும் வாசலில் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்கணும். சுவா மழையைக் கேட்கவா வேணும். தகரக் கூரைக்கு அடியில் மூன்று பேரும் நின்றோம். அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினான், நான் அப்பாவைப் பக்கத்தில் வைத்தேன், அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சிவப்பு ஓடுது."

உள்ளே போய்க் குறைத்துக்கொண்டு வந்தேன்.

"இப்ப கறுத்துப்போச்சு."

மறுபடியும் போனேன். ஊரடங்கு வேறு. அதற்கு முன்னால் லவுத்தோக்கா போய்ச் சேரணுமே என்று அண்ணன் தவித்துக்கொண்டிருந்தான்.

ஒருவழியாக மழை விட்டு வெயில் தலைகாட்டியது. புது பிரிண்ட்டை அவன் கையோடு ஒட்டி வைத்தேன். எது கை, எது அப்பா கன்னம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவரே பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"சரியா இருக்காம்மா?" என்றான் அண்ணன்.

அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "இல்லடா, இன்னும் சேரலை."

பொய். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சேர்ந்துவிட்டது என்று சொன்ன நிமிஷம் அவன் கையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். தொழில் தெரிந்தவள் நான்தானே.

"ஆமாண்ணே, மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றேன். "கையை அப்படியே வச்சிரு. இன்னொண்ணு போட்டு எடுத்துட்டு வரேன்."