ஆல்பத்தில் இல்லாத பிந்தா

போன மாதம் ஒரு நல்ல மனிதரைப் பொய்யர் ஆக்கிவிட்டேன். வாய்க்கு வந்தபடி அல்ல... முறையாக விசாரித்து, ஆதாரத்தோடு!

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் காதர் பாய் எனக்கு நீண்ட நாள் நண்பர். கண்ணாடி மாற்றப் போன என்னை உட்காரவைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“சார், நீங்க பேப்பர்ல இருந்தவரு. ஒரு விஷயம் செக் பண்ணித் தரணும்.”

விஷயம் இதுதான். அவர் மகள் சபீனா தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அதே அலுவலகத்தில் இருக்கும் மமதுவைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள். மமதுவின் சொந்த ஊர் செனகல் நாட்டில் டக்கார். சிங்கப்பூருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தொழுகை தவறாதவர், நல்ல சம்பளம், மரியாதையான பேச்சு. காதர் பாய் தேடித் தேடிப் பார்த்தும் குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒன்று கிடைத்தது.

“அவங்க உம்மா பேரு பிந்தாவாம். உலகம் பூரா வித்த பாட்டு ஆல்பத்துல அந்தப் பேரு வருதாம். பாடினவரு அங்க பெரிய ஆளு சார். அவரு பேரு வாங்குறதுக்கு முன்னாடி இவங்க வீட்டுலதான் சாப்பாடாம்! நம்புற மாதிரியா இருக்கு? இதுலயே கதை விட்டா, மத்ததுல?”

காதர் பாய்க்கு வேண்டியது உண்மை அல்ல, ஒரு காரணம். இது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். நாகூரில் இருக்கும் அண்ணன்மார் “ஆப்பிரிக்காக்காரனா?” என்று கேட்பார்களே என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை வெளியே சொல்ல வெட்கம். “பையன் பொய் பேசுறான்” என்றால் தலை நிமிர்ந்து சொல்லலாம் அல்லவா?

ஆனால், செக் பண்ணச் சொன்னால் பழைய பத்திரிகை உதவி ஆசிரியனுக்கு வேறு எதுவும் தோன்றாது. ஆல்பத்தின் பெயரைக் குறித்துக்கொண்டேன்.

நான் குடியிருக்கும் ஈசூனிலிருந்து நகரத்துக்கு வரும் ரயிலில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். எட்டுப் பாட்டு. ஒன்றுகூட நான்கு நிமிடத்தைத் தாண்டவில்லை.

பிரமாதமான ஆல்பம்! கிட்டார் ஏதோ ரகசியம் சொல்லிச் சிரிக்கிறது. பின்னால் பறை போல ஒன்று அதட்டுகிறது. நான் நின்றபடியே காலால் தாளம் போட்டதில், எதிரே உட்கார்ந்திருந்த சீன மூதாட்டி கைப்பையை மடிக்கு நகர்த்திக்கொண்டார்.

ஒரே குறை... ஒவ்வொரு பாட்டும் சூடு பிடிக்கிற நேரத்தில் முடிந்துவிடுகிறது. நடுநடுவே ஆங்கிலத்தில் இரண்டு வரி — அன்பு, அமைதி, உலகமெல்லாம் ஒரே குடும்பம். இரவல் சட்டை போட்டவரைப் போல, அந்த வரிகளில் மட்டும் பாடகரின் குரல் கொஞ்சம் விறைப்பாக இருந்தது.

மூன்று நாள், மூன்று முறை கேட்டேன். பாடல் வரிகளையும் இணையத்தில் தேடிப் படித்தேன். பிந்தா எங்குமே இல்லை.

“இல்லை பாய்” என்றேன் போனில்.

“அடடா... அப்படியா?” என்றார் காதர் பாய். இவ்வளவு உற்சாகமான ‘அடடா’வை நான் கேட்டதே இல்லை.

அன்று மாலையே சபீனா கூப்பிட்டாள்.

“அங்கிள், வாப்பாகிட்ட என்ன சொன்னீங்க?”

“கேட்டதைத்தான் சொன்னேன்மா. அந்த ஆல்பத்துல அப்படி ஒரு பேரு...”

“அது வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு போட்ட ஆல்பம், அங்கிள்! அவங்க ஊர்ல வந்தது வேற. சீரியஸா, நீங்க எத்தனை வருஷம் பேப்பர்ல இருந்தீங்க? ஒரே நியூஸ் ரெண்டு எடிஷன்ல ரெண்டு மாதிரி வராதா?”

வரும். நானே மாற்றியிருக்கிறேன். ஒரே ஒரு பதிப்பைப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதிய என்னை என்ன சொல்வது?

மறுநாள் மதியம் தஞ்சோங் பகார் காப்பிக்கடையில் மமதுவைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். நெடுநெடுவென்ற உயரம், சட்டென்று வரும் சிரிப்பு. ஆங்கிலத்தில்தான் பேசினார். ஒன்பது வருடச் சிங்கப்பூர் வாசம், வாக்கியக் கடைசியில் வரும் ‘லா’ உட்பட, அதில் நன்றாக ஒட்டியிருந்தது.

“அங்கிள், நீங்க கேட்டது எக்ஸ்போர்ட் சரக்குலா!”

ஊரில் வந்த கேசட்டில் அவர் அம்மா பெயர் வரும் பாட்டு மட்டும் பதினோரு நிமிடமாம். அதில் பாதிக்கு மேல் வெறும் பெயர்கள். சோறு போட்டவர், சட்டை தைத்துக் கொடுத்தவர், முதல் கிட்டாருக்குக் கம்பி வாங்கித் தந்தவர்... பாடகர் ஒவ்வொருவராகக் கூப்பிடக் கூப்பிட, கேட்பவர்கள் எழுந்து ஆடுவார்களாம். ஐரோப்பாவில் ஆல்பம் போட வந்த தயாரிப்பாளர், “இவங்கல்லாம் யாருன்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியாதே” என்றாராம். பெயர்கள் போயின. அன்பும் அமைதியும் வந்தன.

தயாரிப்பாளர் சொன்னதில் தப்பு உண்டா? நம் வானொலி விருப்பப் பாடல் நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். ஈசூன் மல்லிகா, அவர் கணவர், பிள்ளைகள், மாமியார், கீழ்வீட்டுத் தோழி... பாட்டு மூன்று நிமிடம் என்றால் பெயர்கள் நான்கு நிமிடம்! வெளியூர்க்காரர் கேட்டால் கொட்டாவி விடுவார். மல்லிகாவுக்கோ, பெயர் வந்ததுமே ஜென்மம் சாபல்யம். அதன் பிறகு வருகிற பாட்டு ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? தூரத்தில் இருப்பவருக்குப் பாட்டு போதும். பக்கத்தில் இருப்பவருக்குப் பெயர் வேண்டும்.

“அந்தக் கேசட் உங்ககிட்ட இருக்கா?”

“இல்ல. இன்டர்நெட்லயும் இல்ல. சனிக்கிழமை அம்மா வர்றாங்க. கையோட கொண்டு வருவாங்க.”

சனிக்கிழமை மதியம் காதர் பாய் வீட்டில் விருந்து. விசாரணை அதிகாரி என்ற முறையில் எனக்கும் அழைப்பு. சபீனா யாரிடமோ ஒரு பழைய கேசட் பிளேயரை இரவல் வாங்கி மேசையில் தயாராக வைத்திருந்தாள்.

பிந்தா அம்மாள் உள்ளே வந்ததும் ஹாலே சின்னதாகிவிட்டது. மஞ்சள் அங்கி, தலையில் அதே துணியில் பெரிய கட்டு. பிரியாணியை இரண்டாம் முறை தானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காதர் பாயின் மனைவி நூர்ஜஹான் அந்த இடத்திலேயே பாதிச் சம்பந்தி ஆகிவிட்டார்.

கை கழுவியதும் மமது கேசட்டைக் கேட்டார். அவர்கள் மொழியில் ஏதோ வேகமாகப் பதில் வந்தது. மமதுவின் முகம் இறங்கிப்போனது.

“கொண்டு வரலையாம். கேசட் எதுக்கு, நான்தான் நேர்லயே வர்றேனேன்னு சொல்றாங்க.”

காதர் பாய் என்னைப் பார்த்தார். சபீனா தரையைப் பார்த்தாள். கல்யாணமே அந்தக் கேசட்டில்தான் இருந்தது போல் ஆகிவிட்டது. தாங்கமுடியாமல் நான்தான், “இருக்கிற பாட்டையாவது போடுங்களேன்” என்றேன்.

மமது அதே பாட்டின் ஆல்பப் பதிப்பைக் கைப்பேசியில் போட்டார். இரண்டாவது நிமிடத்தில் பாடகர் நிறுத்திக்கொள்ள, கிட்டார் மட்டும் விட்டு விட்டுத் தனியாக வரும் ஓர் இடம் உண்டு. ரயிலில் நான் கண்ணை மூடி ரசித்த இடம்.

பிந்தா அம்மாள் கையைத் தட்டிக்கொண்டு ஒரு பெயரைக் கூவினார். கிட்டார் மூன்று சுரத்தில் பதில் சொன்னது. இன்னொரு பெயர் — மறுபடி பதில். மூன்றாவதாகத் தன் மார்பைத் தட்டிக்கொண்டு, “பிந்தா!”

கிட்டார் அதற்கும் பதில் சொன்னது. ஒரு நூல் பிசகவில்லை. இசைக் கலைஞர் அழகுக்காக விட்ட இடைவெளி என்றல்லவா நினைத்திருந்தேன்? அது பெயர்கள் இருந்த இடம்; ஆட்களை எழுப்பிவிட்ட பிறகும் எடுக்காமல் விட்ட நாற்காலி வரிசை!

“சார்...” என்றார் காதர் பாய் மெதுவாக. “கூப்பிட்டதுக்குப் பதில் சொல்லுதே சார்.”

பெயரை எடுத்துவிட்டதில் வருத்தமில்லையா என்று மமது மூலமாகக் கேட்டேன். அம்மாள் சிரித்தார்.

“அவ்வளவு தூரத்துல இருக்கிறவங்க என் பேரைத் தெரிஞ்சு என்ன செய்வாங்க? சாப்பிடவா வரப்போறாங்க? அதை விடு. இன்னிக்கு எனக்குச் சோறு போட்டவங்க பேரைச் சொல்லு.”

மமது பெயர்களைச் சொல்லிக் கொடுத்து அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட, அம்மாள் கூவினார். “நூர்ஜஹான்!” கிட்டார் பதில் சொன்னது. நூர்ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “சபீனா!” பதில். என் பெயரும் வந்தது. நாற்பது வருடம் அச்சில் பார்த்த பெயர்தான்... இருந்தும் பல் தெரியச் சிரித்தேன். “காதர் மொய்தீன்!” என்றதும் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க வாப்பா பேரையும் சொல்லச் சொல்லும்மா. அப்புறம் நாகூர் அண்ணன் ரெண்டு பேரு... அவங்களையும் விட்டுடக் கூடாது.”

எல்லோரையும் கூப்பிட்டு முடித்து, பிந்தா அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் குடித்தார். காதர் பாய் மகள் பக்கம் திரும்பினார்.

“என்னம்மா, மாப்பிள்ளை பேரு விட்டுப்போச்சே? சொல்லச் சொல்லுலா.”

பாட்டு பதினைந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டது. குறைக்கச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.