தவறென்று எழுதியவருக்கு ஒரு கடிதம்

ஏனாத்தூரிலிருந்து காஞ்சிபுரம் திரும்பும் பேருந்தில் என் பக்கத்தில் உட்காரும் அந்த அம்மா, உயிரணு ஆராய்ச்சியாளர். பருத்திப் புடவை, மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி. உட்கார்ந்ததும் கைபேசியில், தன் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்.

ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பு.

"நிறைய ஏறியிருக்குதா மேடம்?" என்றேன்.

"ஒண்ணுதான்மா. என் முடிவு தப்புன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு."

"அதுக்கா சிரிக்கிறீங்க?"

"மத்தவங்க என் பேரை மட்டும் போட்டுக்கினு இருந்தாங்க. இவரு என் சோதனையை மறுபடி செஞ்சே பார்த்திருக்காரு."

அங்கேயே கைபேசியில் அவருக்குக் கடிதம் எழுதினார். தவறை ஒப்புக்கொண்டு, நன்றி சொல்லி, கடைசியில் நீளமாக ஒரு சந்தேகமும் கேட்டார். அது உண்மையான சந்தேகமா, பேச்சு அத்துடன் முடிந்துவிடக் கூடாதென்ற ஆசையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.