சமையற்கட்டுப் பின்வாசலில் டொனாட்டா

டொனாட்டாவுக்கு வாய்க்கு முந்திக் கை பேசும் என்பது பசிலிக்காத்தா மாகாணத்தின் அந்த ஆற்றோரத்து ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை அவள் அம்மாவைப் பற்றி இளக்காரமாக ஏதோ சொன்னான் என்று, தேவாலயப் படியிலேயே வைத்து அவன் மூக்கை உடைத்தவள். அதற்கப்புறம் பெண் கேட்டு யாரும் வரவில்லை. அவளும் ஏங்கவில்லை. அப்பா விட்டுப்போன ஆரஞ்சுத் தோப்பையும் காய்கறி நிலத்தையும் தம்பி எஜிதியோவோடு சேர்ந்து பார்த்துக்கொண்டாள். எஜிதியோ நேர்மாறான ஆள். வீட்டில் கோழி அறுப்பது என்றால்கூடத் தோப்புப் பக்கம் நழுவிவிடுவான்.

ஊர்ப் பள்ளிக்கூடங்களின் மதியச் சாப்பாட்டுக்கு வெகுகாலமாகக் காய் போட்டுக்கொண்டிருந்தவன் செவெரினோ என்ற மொத்த வியாபாரி. எங்கிருந்தோ லாரியில் வந்து, குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த சரக்கு. தலைமைச் சமையல்காரி ஃபிலிப்பா அதைத் திட்டிக்கொண்டேதான் கழுவுவாள். புதிதாக வந்த மேயர், பக்கத்து நிலங்களில் விளைந்ததைத்தான் பிள்ளைகளுக்குப் போட வேண்டும் என்று டெண்டர் விதியை மாற்றினார். டொனாட்டா அக்கம்பக்கத்து விவசாயக் குடும்பங்களைக் கூட்டி, ஒரு சங்கம் வைத்து, டெண்டரை எடுத்துவிட்டாள்.

முதல் நாள் காலிஃபிளவரும் கீரையும் ஈரம் காயாமல் வேனில் வந்து இறங்கியதும் ஃபிலிப்பா கூடையை மோந்து பார்த்தாள்.

"மண்ணு வாசம்டி! செத்த பொணத்தைக் கழுவுற மாதிரி கழுவிக்கிட்டிருந்தேன் இத்தன வருஷமா."

"மண்ணு போதாதுன்னா சொல்லுக்கா, நாளைக்கு ஒரு மூட்டை தனியா கொண்டாரேன்" என்றாள் டொனாட்டா.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. முதலில் வேன் டயர்களைக் கிழித்தார்கள். பிறகு காவல் நாய் கழுத்தறுபட்டுக் கேட்டில் தொங்கியது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, அக்காளும் தம்பியும் தேவாலயத்திலிருந்து திரும்பி வந்தபோது தோப்பில் ஒரு வரிசை மரங்கள் இடுப்பளவில் ரம்பத்தால் அறுக்கப்பட்டுச் சாய்ந்து கிடந்தன. கிளைகளில் பழம் அப்படியே இருந்தது. சங்கத்து ஆட்கள், "பிள்ளகுட்டிக்காரங்க நாங்க, எங்கள விட்டுரு தாயி" என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ளப் பார்த்தார்கள்.

டொனாட்டா நேரே கடைவீதிக்குப் போனாள். செவெரினோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"மரத்தோடயும் நாயோடயும் உனக்கு என்னடா பகை? எங்கிட்ட வா."

"நீ பொம்பள. உம்மேல கை வெப்போமா?" அவன் நிதானமாக ஒரு மிடறு குடித்தான். "தம்பி சௌக்கியமா? சாது புள்ள. பாத்துக்க."

அந்தக் கோப்பையை அவன் கையிலிருந்து பிடுங்கிச் சூடான காப்பியை அவன் மூஞ்சியிலேயே ஊற்றினாள். கடைவீதியே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கான பதில் அன்றைக்கு மதியமே வந்தது. ஊர் ஜன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம். கொட்டகையில் மறுநாள் சரக்கைப் பிரித்துக்கொண்டிருந்த எஜிதியோவை இரண்டு பேர் இரும்புக் குழாயால் அடித்தார்கள். கத்தினானா என்று தெரியாது. கத்தியிருந்தாலும் யார் எழுந்து வந்திருப்பார்கள்? டொனாட்டா போய்ப் பார்த்தபோது முட்டைக்கோசுக் குவியலின் மேல் குப்புறக் கிடந்தான். தாடை உடைந்து தொங்கியது. இடது கண் இருந்த இடத்தில் கண் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவனால் பேச முடியவில்லை. அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். அவள் அந்தக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள். காப்பியை ஊற்றியது அவள், கண்ணைப் பறிகொடுத்தது தம்பி. நெஞ்சில் அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தனியாளாகக் கூடைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வேனை ஓட்டினாள். சட்டைக் கையில் தம்பியின் ரத்தம் காய்ந்து முறுகியிருந்தது. சமையற்கட்டின் பின்வாசலை மறித்து ஒரு கார் நின்றது. அதில் சாய்ந்துகொண்டு செவெரினோவின் அக்கா மகன் நுன்சியோவும் இன்னொருவனும்.

"இன்னிக்குப் பிள்ளைங்களுக்கு விரதமாம்" என்றான் நுன்சியோ. வேன் கதவைத் திறந்து கூடைகளை இழுத்துத் தள்ளி, லெட்யூஸ் கீரையைக் காலால் மிதித்தான். பிறகு அவள் சட்டையைப் பார்த்துவிட்டு, "ஒத்தைக் கண்ணன் எப்படி இருக்கான்?" என்று கேட்டான்.

டொனாட்டா இருக்கைக்கடியில் இருந்த கடப்பாரையை எடுத்தாள். முதல் அடி அவன் முழங்காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் சமையற்கட்டு வரை கேட்டதாக ஃபிலிப்பா பின்னால் சொன்னாள். மற்றவன் கத்தியை உருவி டொனாட்டாவின் தோளைக் கிழித்தான். அதற்குள் ஃபிலிப்பா பாஸ்தாவுக்கு வைத்திருந்த கொதிநீரைப் பானையோடு தூக்கிவந்து அவன் முதுகில் கொட்டினாள். அலறிக்கொண்டு தெருவில் ஓடினான். மற்ற சமையல்காரிகள் கரண்டியும் கட்டையுமாகத் துரத்தினார்கள்.

நுன்சியோ தரையில் கிடந்தான். "போதும், விட்டுரு" என்று கையெடுத்தான். அந்தக் கையில் அடித்தாள். இன்னொரு முழங்காலில் அடித்தாள். விலாவில் அடித்தாள். தோளிலிருந்து தன் ரத்தம் ஒழுகுவது அவளுக்கு உறைக்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோல இருந்தது ஒவ்வொரு அடியும்.

ஃபிலிப்பா பின்னாலிருந்து அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். "மேல பாருடி, பாவி! மேல பாரு!"

மாடி ஜன்னல்கள் நிறையப் பிள்ளைகளின் முகங்கள். டொனாட்டா கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, மிதிபட்ட லெட்யூஸின் நடுவில் உட்கார்ந்தாள்.

நுன்சியோ பிழைத்துக்கொண்டான். மாமன் ஒருமுறைகூட ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை என்ற ஆத்திரத்தில், யார் ஏவினார்கள் என்பதைப் போலீசிடம் கக்கிவிட்டான். செவெரினோ சிறைக்குப் போனான். நுன்சியோவும் தண்டனையை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே தொடங்கினான். டொனாட்டா சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். பள்ளிக்கூடத்து எல்லைக்குள் இனிக் காலே வைக்கக் கூடாது என்பது தீர்ப்பு. சங்கத்தை விட்டு ஓடப் பார்த்தவர்கள் வெட்கப்பட்டுத் திரும்பி வந்து, முறை வைத்துச் சரக்கைக் கொண்டுபோனார்கள். ஒற்றைக் கண்ணோடு எஜிதியோவும் வேன் ஓட்டப் பழகிக்கொண்டான்.

அக்காளிடம் அவன் வெகுநாள் பேசவில்லை. பேசியபோது, "உங்கிட்ட வேணாம்னுதானக்கா சொன்னேன்" என்றான். அவ்வளவுதான்.

ஒரு சந்தை நாளில் நுன்சியோவின் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டொனாட்டாவின் எதிரே வந்து நின்றாள். ஒடிசலான விதவை.

"எம்புள்ள ஜெயில்ல கழிப்பறைக்குத் தவழ்ந்து போறான்" என்றாள். ஓங்கி அறைந்தாள்.

டொனாட்டாவின் கை தானாக எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது.

"இன்னொண்ணும் அடிச்சுக்கோங்கம்மா" என்றாள்.

அந்த அம்மாள் அடித்தாள். பிறகு அவள் தோளிலேயே முகம் புதைத்து அழுதாள். டொனாட்டா அவளைத் தள்ளவுமில்லை, அணைக்கவுமில்லை. கன்னம் எரிய எரிய அப்படியே நின்றாள்.