ஒன்லைன் நொத்தாரிசும் என் பதகளிப்பும்

ஒன்ராறியோவில் ஒன்லைன் நொத்தாரிசு சட்டப்படி செல்லாது என்று நான் மனதார நம்பினேன். அதுவும் கையெழுத்து வைத்து முடித்த பிறகு!

எங்கள் மகள் தன் மாமியோடு லண்டனுக்குப் போக இருந்தாள். தாய் தகப்பனின் சம்மதக் கடிதத்தை, கையெழுத்துக்குச் சான்று தரும் நொத்தாரிசு ஒருவர் உறுதிப்படுத்தினால் நல்லது என்றார்கள். வெளியே பனி கொட்டியதால், இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே கோட் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே வீடியோவில் ஒரு நொத்தாரிசின் முன்னால் கையெழுத்து வைத்து அலுவலை முடித்தேன். மனைவியும் கையெழுத்து வைத்தாள்.

பயணத்துக்கு முதல்நாள் நண்பன் ரவி தொலைபேசியில் அழைத்தான். "அண்ணை, உது செல்லாது. பிள்ளையை எயார்போர்ட்டில மறிச்சுப்போடுவாங்கள்."

இணையத்தில் தேடினேன். ஒன்லைன் நொத்தாரிசு செல்லுபடியாகும் மாநிலங்கள் என்று ஒரு பக்கம் இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தும் ஒன்ராறியோவைக் காணவில்லை. மனைவியையும் ஏற்றிக்கொண்டு, வோபர்னில் இருக்கும் இன்னொரு நொத்தாரிசிடம் பறந்தேன். இளம் பெண். கைபேசியை மேசையில் வைத்து, "பாருங்கோ, எங்கட பெயரே இல்லை!" என்று கத்தினேன்.

"அங்கிள், இது அமெரிக்க மாநிலங்கள். ஒன்ராறியோவில வீடியோவில செய்தாலும் செல்லும்."

"தான் எந்த நாட்டில இருக்கிறாரெண்டே இவருக்குத் தெரியாது, பிள்ளை" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் எதை வாசித்தாலும், அது எந்த நாட்டுச் சட்டம் என்று முதலில் பார்க்கிறேன். ரவியிடம் சட்டம் கேட்பதை விட்டுவிட்டேன்.

மகள் லண்டன் போய் வந்துவிட்டாள். எந்த விமான நிலையத்திலும் அந்தக் கடிதத்தை ஒருவரும் கேட்கவில்லை.