இழுத்துப் பிடித்த கை

பெரியம்மா பாடினாள், என் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அம்மா உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் எழுந்துகொள்ளத் தயாராக இருக்கும்.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, கச்சேரிப் பாடகி. இசைத்தட்டு வந்த புதிதில் மைக் கிடையாது. சுவரிலிருந்து பெரிய புனல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் முகத்தை விட்டுத் தொண்டை கிழியப் பாட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மெழுகுத் தட்டு சுழல, ஊசி அதில் குரலைக் கீறும். மேல் ஸ்தாயியில் குரல் பாய்ந்தால் ஊசி துள்ளித் தட்டு பாழ். கீழே இறங்கினால் ஒன்றுமே பதியாது. பாடுகிறவளுக்குப் பாட்டில் கண் மூடிவிடும். தள்ளி நிற்க எங்கே ஞாபகம் வரும்? அதற்குத்தான் அம்மா. அக்காவின் இடுப்புச் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பாள். மேலே போகும்போது இழுப்பாள், கீழே வரும்போது முதுகில் கைவைத்துத் தள்ளுவாள். குரல் மேலே ஏறும் இடம் வருவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே இழுத்தாக வேண்டும். வந்த பிறகு இழுத்துப் பிரயோசனமில்லை. மெழுகு இளகி இருக்க வேண்டுமென்று அறையை அடைத்துச் சூடேற்றி வைத்திருப்பார்கள். இரண்டு பேரும் வேர்த்து ஊற்றி வெளியே வருவார்கள். கம்பெனிக்காரர் பெரியம்மாவைக் கும்பிடுவார். அம்மாவிடம், வண்டி வந்துவிட்டதா பாருங்கள் என்பார்.

பிறகு மைக் வந்தது. கம்பெனிக்காரர் பழைய பாடகர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாட வைத்துப் பார்த்தார். சரிப்படாதவர்களுக்குப் பதில் புதுக் குரல் தேடினார். தட்டு நின்றுபோனால் எங்கள் வீட்டு அடுப்பும் நின்றுபோகும். பெரியம்மாவின் முறை வந்த அன்று காலையிலிருந்தே அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள். பூட்டிய கதவைத் திறந்து மறுபடி பூட்டினாள்.

அங்கே போனால் புனலைக் காணோம். ஒரு கம்பத்தின் தலையில் மைக் மட்டும் இருந்தது. புதிதாக வந்திருந்த மெஷின்காரர், இனிமேல் இழுக்க யாரும் வேண்டாம், அசையாமல் நின்று சாதாரணக் குரலில் பாடினால் போதும் என்று சொல்லி, அம்மாவை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார். உட்கார்ந்தாளா? கதவுக்கும் படிக்கும் நடந்தபடியே இருந்தாள்.

உள்ளே பெரியம்மா பழக்கதோஷத்தில் மைக் மேலேயே பாய்ந்தாள். முதல் மெழுகு வீண். இரண்டாவதில் பயந்துபோய், மேலே ஏறும் இடத்தில் தானே பின்னால் நகர்ந்தாள். பிடிக்க ஆளில்லை. நாற்காலியில் இடித்துச் சுருதி கலைந்தது. கம்பெனிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் ஒரே ஒரு தட்டு, அதற்குமேல் முடியாது என்றார்.

"என் தங்கச்சியக் கூப்பிடுங்க" என்றாள் பெரியம்மா.

"அவங்க இழுத்தா இதுவும் போயிடும்மா" என்றார் மெஷின்காரர்.

அம்மா வந்து, வழக்கம்போல் பின்னால் போய்ச் சேலையைப் பிடித்தாள். ஒத்திகைக்கு ஒரு வரி பாடினார்கள். மேலே ஏறியதும் கை தானாக இழுத்துவிட்டது. மெஷின்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். அடங்காத பிள்ளையை முறைப்பதுபோல அம்மா தன் கையை முறைத்தாளாம். பிறகு விறுவிறுவென்று நடந்து, மைக்குக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கு எதிரே போய் நின்றாள்.

"செவுத்துக்குப் பாடாத. அடுப்படியில பாடுற மாதிரி எனக்குப் பாடு."

"உன் மூஞ்சியப் பாத்தா சிரிப்பு வரும்டி."

"இத்தன வருஷமா உன் கொண்டையவே பாத்துட்டு நின்னேன். நான் சிரிச்சேனா?"

மெழுகு சுழன்றது. அம்மா முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றாள். அந்த இடத்துக்கு ஒரு மூச்சு முன்னால் அவள் புருவம் ஏறியது. அதைப் பார்த்துப் பெரியம்மா குரலை ஒடுக்கிக்கொண்டாள்.

தட்டு தேறியது. அதற்கப்புறம் அம்மா எதிரே நிற்காமல் பெரியம்மா எந்தப் பதிவிலும் வாய் திறக்கவில்லை. கம்பெனிக்காரர் முணுமுணுத்துப் பார்த்தார், நடக்கவில்லை.

தட்டின் நடுவில் ஒட்டிய தாளை எனக்குப் படிக்கத் தெரியாது. படித்தவர்கள் பெரியம்மா பெயர் மட்டும்தான் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். வீட்டில் அந்தத் தட்டு சுழலும்போதெல்லாம் அம்மா எதையாவது எடுப்பதும் வைப்பதுமாக இருப்பாள். மேலே ஏறும் இடத்துக்கு ஒரு மூச்சு முன்னால், பக்கத்தில் யார் நின்றாலும் இடுப்பைப் பிடித்து ஓர் இழுப்பு. தண்ணீர்க் குடத்தோடு நான் எத்தனை தடவை பின்னால் சாய்ந்திருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு அந்தக் கை எங்கிருந்து வந்ததாம்? யாராவது வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.