எல்லா வரியும் சிவப்பு

அலுவலகத்தில் அவளுக்கு ‘செக்போஸ்ட்’ என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு மென்பொருள் எழுதும் அந்தச் சின்னக் குழுவில் யார் எதை எழுதினாலும், அவள் பார்த்துப் பொதுப் பிரதியில் சேர்த்தால்தான் உண்டு. கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவள் சிபாரிசில் வேலைக்கு வந்தவன் அவளுடைய தம்பி. எல்லாரும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிய பிறகும் இவன் மட்டும் தன் பழைய விண்டோஸ் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுதான். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளை வைக்கும்; லினக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் அவன் ஓர் எழுத்தைத் திருத்தி அனுப்பினாலும், கோப்பு முழுவதும் மாறிவிட்டதாக அவள் திரையில் எல்லா வரியும் சிவந்து நிற்கும்.

“அந்த செட்டிங்கை மாத்துடான்னு எத்தனை தடவை சொல்றது?”

“மாத்திடுறேன்க்கா.”

எங்கே மாற்றினான்?

ஒரு மதியம் மறுபடியும் ஒரு கோப்பு சிவந்து வந்தது. அதே இடத்தில் அவள் செய்திருந்த திருத்தங்களோடு மோதியும் நின்றது; யாருடையதை வைத்துக்கொள்வது என்று அவள்தான் சொல்ல வேண்டும். வரிமுடிவு வித்தியாசத்தை மறைத்து, நிஜ மாற்றத்தை மட்டும் காட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. அவளுக்குத் தெரியாததா? பசி, எரிச்சல். வழக்கமான வரிமுடிவுக் கூத்துதான் என்று முடிவுகட்டி, தன் பிரதியையே வைத்துக்கொண்டு, அவனுடையதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அடுத்த வாரம் கடைகளிலிருந்து புகார் வந்தது. வலது கண்ணின் பவர் இடது கண்ணுக்குப் போய், புதுக் கண்ணாடி போட்டவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்திருந்தார்கள். தம்பியிடம் சரிசெய்யச் சொல்லியிருந்த பிழைதான் அது.

கூட்டத்தில் மேனேஜர் கேட்டார்.

“சரி பண்ணி அனுப்பிட்டேனே சார்,” என்றான் தம்பி.

தம்பிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே! அந்தப் பயத்தில் அவள்தான் எல்லாரையும்விடக் கடுமையாகப் பேசினாள். “எனக்கு எந்தத் திருத்தமும் வரலை சார். செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றது இவனுக்குச் சின்ன வயசுல இருந்தே பழக்கம்.”

யாரோ சிரித்தார்கள். தம்பி லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடினான், பார்த்தான், மூடினான். மாதக் கடைசியில் அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு வருவதும் நின்றுபோனது.

மறு வருடம், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கோப்பும் அதேபோல் சிவந்து வந்தது. புதுசாயிற்றே என்று பொறுமையாக அந்தப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பெல்லாம் மறைந்து ஒரே ஒரு வரி மிஞ்சியது. அவளுக்குப் போன வருடத்துக் கோப்பு நினைவுக்கு வந்தது. தம்பி அன்று அனுப்பியதைத் தேடி எடுத்து, அதையும் அப்படியே பார்த்தாள். இரண்டே வரிகள். வலதும் இடதும் சரியாக இருந்தன.

மேனேஜரிடம் சொன்னாள். “பழைய கதை, விடுங்க,” என்றார். அவளால் விட முடியவில்லை. தம்பிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லி அழுதாள்.

“நீ அனுப்பினது அழியாம அப்படியே இருக்கேடா. அன்னைக்கே எடுத்துக் காட்டியிருக்கலாமே?”

“கூட்டத்துலயே பாத்துட்டேன்க்கா,” என்றான். “காட்டினா உன் தலை உருண்டிருக்கும். அதான் மூடிட்டேன்.”