சரிகை வால் கட்டிய பட்டம்

போன ஆடி மாதம், ஜமுனாமரத்தூரில் என் மகள் படிக்கும் பள்ளி மைதானத்தில் நடந்தது இது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அவரவர் கையால் பட்டம் செய்து வந்து பறக்கவிட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

என் ஓர்ப்படியின், அதாவது கணவருடைய அண்ணன் மனைவியின் மகளும் அதே வகுப்புதான். கையெழுத்து, ஓட்டப்பந்தயம், கோலம் எல்லாவற்றிலும் அந்தப் பெண்தான் முதல். ஓர்ப்படி அதைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேச மாட்டார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். பேசினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம்.

இந்த ஒரு தடவையாவது என் பெண் ஜெயிக்கட்டும் என்று முடிவு செய்தேன். துடைப்பக்குச்சியும் பழைய பேப்பரும் வைத்து அவள் ஒட்டிக்கொண்டிருந்ததை ஓரம் தள்ளிவிட்டு, திருப்பத்தூரிலிருந்து கலர் பேப்பர் வரவழைத்து நானே செய்தேன். பழைய பட்டுப்புடவையின் சரிகைக் கரையைக் கிழித்து நீளமாக வாலும் கட்டினேன். கனமாக இருக்கிறதே என்றாள். பேசாமல் இருக்கச் சொன்னேன்.

மைதானத்தில் எல்லோரும் அந்தப் பட்டத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் அது என் மகளின் தலைக்கு மேல் ஏறவே இல்லை. எனக்கு அவமானமாகப் போயிற்று. திரும்பிப் பார்த்தால், ஓர்ப்படி மகளின் பேப்பர் பட்டமும் துக்குணி வாலோடு குட்டிக்கரணம் போட்டு விழுந்துகொண்டிருந்தது. பொய் சொல்வானேன், வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்போது என் மகள் டீச்சரிடம் கத்தரிக்கோல் வாங்கி, சரிகை வாலில் பாதியை வெட்டி அந்தப் பெண்ணின் பட்டத்தில் கட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய், அவளுக்கு எதற்குக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"அவளோடது வால் பத்தாம சுத்துது. என்னோடது கனத்துல ஏறல. பாதி குடுத்தா ரெண்டும் சரியா பூடும். இதுல இன்னாம்மா இருக்குது?" என்றாள்.

இரண்டும் ஏறின. ஓர்ப்படி மகளுடையது ஒரு பனை உயரம் கூடுதலாகவே போனது. அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. ஓர்ப்படி பக்கத்தில் வந்து நின்றார்.

"உம் பொண்ணுக்கு எவ்ளோ மனசு பாரு. எம் பொண்ணுக்கு இதெல்லாம் தோணவே தோணாது" என்றார்.

அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எத்தனை வருஷமாக அதை நான் வளர்த்துவருகிறேன், தெரியாமல் இருக்குமா! பிள்ளைகளோ நூலை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். எது உயரம் என்று அளந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

இப்போதும் அந்தப் பெண்ணின் மார்க்கைக் கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். என் மகளின் முகத்தைப் பார்த்ததும் கேட்காமல் விட்டுவிடுகிறேன், பெரும்பாலும்.